சல்லடை வேலி

என் மகளுக்கு அப்போது நாலு வயது. பிறவியிலேயே பார்வை இல்லை. எஸ்டேட் பாலர் பள்ளியில் சேர்த்த முதல் வாரம் எட்டிப் பார்த்தேன். மற்ற பிள்ளைகள் ஊஞ்சலுக்கு ஓட, இவள் மட்டும் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அன்றும் வந்தது.

"விழுந்துட்டா என்ன பண்றது அண்ணே? நான் ஒரு ஆளுதான் லா" என்றார் டீச்சர். "தனியா ஊஞ்சல் வரைக்கும் போய்க் காட்டட்டும். அப்புறம் நான் தடுக்கவே மாட்டேன்."

"பார்த்துருவோம் டீச்சர்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தேயிலைத் தொழிற்சாலையில் நான் இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டர். என் கைவேலைக்கு நிகரில்லை என்ற திமிர் எனக்கு உண்டு. வாசலிலிருந்து ஊஞ்சல் வரை, அவள் தொட்டுக்கொண்டே நடக்க ஒரு பலகை வேலி அடித்தேன். வழுவழுவென்று தேய்த்து, யானை, மீன், பட்டாம்பூச்சி என்று ஏழு வண்ணத்தில் வரைந்து, மேலே இரண்டு முறை வார்னிஷ் அடித்தேன். எங்கள் லைன் வீடுகளில் இருக்கிற எல்லாரும் வந்து மெச்சினார்கள். பக்கத்து ஊர் கம்போங் ராஜாவிலிருந்து காய்கறி ஏற்றி வந்த லோரிக்காரர்கூட போட்டோ எடுத்துக்கொண்டார்.

மகள் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடவிப் பார்த்தாள்.

"இது என்னாப்பா, மேசையா?"

என் மனைவி சிரித்தேவிட்டாள். "யாருக்குச் செஞ்சீங்க? இவளுக்கா, லோரிக்காரருக்கா?"

வெட்கமாக இருந்தது. இரண்டு நாள் வேலிப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள், தேயிலை சலிக்கும் அறையில் தேய்ந்துபோன சல்லடைகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மிளகு விழும் ஓட்டையிலிருந்து தூள் மட்டும் விழும் ஓட்டை வரை எத்தனையோ வகை. கண்ணை மூடிக்கொண்டு தடவினேன். விரலுக்கு ஒவ்வொன்றும் வேறாகத் தெரிந்தது. கணக்கு எழுதும் கிராணியிடம் கேட்டேன்.

"எடுத்துக்க லா, குப்பைக்குத்தான போவுது" என்றார்.

யானை மேலேயும் மீன் மேலேயும் சல்லடைகளை வரிசையாக அடித்தேன். வாசலருகே பெரிய ஓட்டை, போகப்போகச் சிறியது, கடைசியில் தூள் சல்லடை. கம்பி கிழிக்காதபடி ஓரமெல்லாம் மடக்கி ரப்பர் சுற்றினேன். ஆடுகிற ஊஞ்சல் இடித்துவிடக்கூடாதே! அதனால் வேலி முடியும் இடத்தில், அவள் நிற்பதற்கு அடையாளமாக, தேயிலைக் காம்பு போட்ட தகர டப்பா ஒன்றைத் தொங்கவிட்டேன்.

முதல் நாள் அடிக்கு ஒரு தரம் என் சட்டையைத் தேடினாள். ஒரு வாரத்தில் என் கையைத் தட்டிவிட்டாள்.

டீச்சருக்குக் காட்டவேண்டிய காலையில் பார்த்து அப்படியொரு மூடுபனி. வாசலில் நின்றால் ஊஞ்சல் தெரியவில்லை.

"இன்னொரு நாள் பார்க்கலாம் அண்ணே" என்று டீச்சர் பிள்ளைகளை உள்ளேயே உட்கார வைத்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் வேலியைப் பிடித்துவிட்டாள். நாலே எட்டில் பனிக்குள் மறைந்தாள். ஒரு சத்தமும் இல்லை. பிறகு டப்பா குலுங்கியது. கொஞ்ச நேரத்தில் ஊஞ்சல் சங்கிலி கிரீச்சிட்டது.

"நான் வந்துட்டேன்! எல்லாரும் வாங்க லா!"

பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகச் சல்லடையைத் தடவிக்கொண்டே போனார்கள். பின்னாலேயே போன டீச்சரின் செருப்பு ஈரப் புல்லில் வழுக்கும் சத்தம் கேட்டது.

"டீச்சர், விழுந்துடாதீங்க. வேலியப் புடிச்சிக்கிட்டு வாங்க."

சொன்னது என் மகள்தான். வாசலில் அவளுடைய நாற்காலி காலியாகக் கிடந்தது. அதில் நான் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன்.