நெற்றியில் எழுதிய அக்கி

என் கணவருக்கு வலது கண் போனதற்கு எங்கள் குடும்பத்தில் இரண்டு காரணம் சொல்கிறார்கள். கிளினிக்குக்குப் போனதால் போயிற்று என்பது அவருடைய அக்கா, அதாவது என் நாத்தனாரின் கட்சி. நேரத்தோடு மருந்து எடுக்காததால் போயிற்று என்பது டாக்டர்களின் கட்சி. இரண்டு கட்சிக்காரர்களும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். கண் போனவரும் அவரோடு குடித்தனம் நடத்துகிறவளும்தான் முழித்துக்கொண்டிருக்கிறோம்.

அவர் கிள்ளான் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் காலையில் வலது புருவத்துக்கு மேலே எரிகிறது என்றார். வெயிலில் சுற்றியதால் இருக்கும் என்று விட்டுவிட்டோம். மறுநாள் கொப்புளம் கொத்தாகக் கிளம்பியது. நாத்தனார் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அக்கி என்றார். அவர் சொன்னது சரிதான். டாக்டர்கள் ஷிங்கல்ஸ் என்பதும் அதைத்தான்.

அக்கி வந்தால் எழுத வேண்டும். செங்காவியைக் குழைத்து, கோழி இறகால் தொட்டு, கொப்புளத்தைச் சுற்றிச் சிங்கம் மாதிரி ஓர் உருவம் வரைவார்கள். வீட்டில் தாளிப்பு கூடாது, கறி மீன் கூடாது. எழுதினதைக் கழுவக் கூடாது, தானாக உதிர வேண்டும். என் நாத்தனாருக்கு இது அவர் மாமியார் வழியாக வந்தது. நல்ல கை. எரிச்சலில் முனகிக்கொண்டிருந்த மனுஷன், காவி பட்டதும் கண்ணை மூடி அடங்கிப்போனார். அதை நான் மறுக்கவில்லை. பாம்பு நஞ்சு போல எரியும் நெற்றியில் குளிர்ச்சியாக ஒரு கை பட்டு, உன்னை விட்டுப் போய்விடும்டா தம்பி என்று யாராவது சொன்னால் யாருக்குத்தான் அடங்காது?

ஆனாலும் கண்ணுக்கு அவ்வளவு பக்கத்தில் இருக்கிறதே என்று எனக்குப் பயமாக இருந்தது. அவரைக் கெஞ்சி, திட்டி, அன்று மாலையே பக்கத்துக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். நெற்றியில் சிங்கத்தோடுதான்.

டாக்டர் நம்ம ஆள். சின்ன வயசு. பேரைக் கூப்பிட்டு உள்ளே விட்டார்கள். கதவைக்கூடச் சாத்தவில்லை. டாக்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன அங்கிள், திருவிழாவுக்கு வேஷம் கட்டிட்டு வந்துட்டீங்களா?"

நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினார். கைப்பேசியை எடுத்து, கேட்காமல் கொள்ளாமல் ஒரு படமும் எடுத்துக்கொண்டார். வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இது அக்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது, மருந்து கொடுங்கள் என்று நான் சொல்லச் சொல்ல, அவர் கையை ஆட்டினார். அந்த அசிங்கத்தையெல்லாம் கழுவிவிட்டு வந்தால்தான் பார்ப்பாராம். இந்தக் காலத்திலும் இப்படியா, நம்ம ஜனம் எப்போதான் திருந்தப்போகிறது என்று எனக்கு ஒரு பிரசங்கம் வேறு. படிச்சவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். இவன் கண்ணையே கெடுத்தான்.

என் கணவர் எழுந்து வெளியே நடந்தார். கார் நிறுத்தியிருந்த இடத்துக்கு வந்ததும் சொன்னார், செத்தாலும் எந்த டாக்டர் முகத்திலும் முழிக்க மாட்டேன் என்று. வேறு கிளினிக் பார்க்கலாம் என்றேன், மருந்தை மட்டுமாவது வாங்கிவருகிறேன் என்றேன். கல்லோடு பேசியிருக்கலாம். நாத்தனாரும் சேர்ந்துகொண்டார். எழுதின உடம்பில் இங்கிலீஷ் மருந்து பட்டால் அக்கி உள்ளே இறங்கிவிடும் என்றார். அவமானப்பட்டு வந்தவருக்கு அது ரொம்ப வசதியாக இருந்தது.

கொப்புளம் மேலே காய்ந்தது. கண் சிவந்தது, வீங்கியது, வெளிச்சம் பட்டால் கத்தினார். கடைசியில் அவரே, வலி தாங்காமல், ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றார். கண் டாக்டர் ஒரு மலாய்க்கார அம்மா. நெற்றியில் ஒட்டிக்கொண்டிருந்த காவியைத் தொட்டுப் பார்த்தார், சிரிக்கவில்லை. பஞ்சை நனைத்து, வலிக்கிறதா, வலிக்கிறதா என்று கேட்டுக் கேட்டுத் துடைத்தார். முதல் இரண்டு மூன்று நாளில் மாத்திரை போட்டிருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் கண்ணில் இப்போது வெள்ளையாகப் படலம். லோரி லைசென்ஸ் போயிற்று. ஒரு கிடங்கு வாசலில் ஜாகா வேலை, காவல்காரராக உட்கார்ந்திருக்கிறார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று நினைத்துக்கொள் என்றார் நாத்தனார். கண் என்ன தலைப்பாகையா? அந்த வாயில் அடுப்பு நெருப்பை அள்ளிப் போட்டிருப்பேன், பெரியவர் என்பதால் விட்டேன்.

சிகிச்சைக்காகப் பிரிக்ஃபீல்ட்ஸில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, அவள் ஒரு வீடியோவைக் காட்டினாள். அமெரிக்காவில் நவஹோ என்று பூர்வகுடி மக்களாம். அவர்களுடைய வைத்தியர்கள் நிறம் நிறமான மணலால் தரையில் படம் எழுதி, நோயாளியை அதன்மேல் உட்காரவைத்துப் பாடுகிறார்கள். முடிந்ததும் படத்தைக் கலைத்துவிடுகிறார்கள். அங்கே சில ஆஸ்பத்திரிகளில் இந்தச் சடங்குக்கென்றே ஓர் அறை ஒதுக்கியிருக்கிறார்களாம். பாட்டும் நடக்கும், ஊசியும் நடக்கும், ஒன்று மற்றதன் காலை வாருவதில்லை. நல்ல விஷயம் பாரும்மா என்றாள் மகள். எனக்கு எரிந்தது. அறை வேண்டாமடி, அந்தக் கிளினிக் கதவைச் சாத்தியிருந்தால் போதும் என்றேன். கழுவச் சொன்னதைக்கூட மன்னிப்பேன், சிரித்ததை மன்னிக்க மாட்டேன்.

போன வருஷம் எனக்கே அக்கி வந்தது. இடுப்பில், இடது பக்கம். எரிச்சல் தொடங்கிய அன்றே வேறொரு கிளினிக்கில் காட்டி மாத்திரை வாங்கிப் போட்டேன். கேள்விப்பட்டு நாத்தனார் காவியோடு வந்தார். விரட்டியிருக்கலாம். ஆனால் எரிச்சல் உயிர் போகிறது, அவர் கையோ குளிர்ச்சி. சேலையை ஒதுக்கிக்கொண்டு திரும்பி உட்கார்ந்தேன். அவர் எழுதினார். மாத்திரையையும் நான் விடவில்லை. மறுபடி கிளினிக்குக்குப் போனபோது பார்த்த டாக்டரம்மா, காவியைச் சுற்றி விரலை ஓட்டிவிட்டு, நன்றாகக் காய்கிறது, மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்றார், அவ்வளவுதான். தழும்புகூட இல்லாமல் போயிற்று.

கிளினிக்கிலிருந்து அன்று வீட்டுக்கு வந்து மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். என் கணவர் எதிரே உட்கார்ந்து, இருக்கிற ஒரு கண்ணால் என்னையே பார்த்தார்.

"எனக்கும் இப்படி ரெண்டையும் செஞ்சிருக்கலாம்லா?"

"செஞ்சிருக்கலாம்" என்றேன். "யாரும் பார்த்துச் சிரிக்காத மாதிரி உங்களுக்கும் சட்டைக்குள்ள வந்திருக்கணும்."