வழியில் வாங்கிய பெயர்

ஒய்ரிக் முதலில் பெற்ற மூன்று ஆண் குழந்தைகளுக்கும் ஒரே பெயர்தான்: ரூரி. ஒன்று போனதும் அதே பெயர் அடுத்ததற்கு வந்தது. மூன்றுமே பல் முளைக்கும் முன் மண்ணுக்குள் போயின. அவள் கணவன் லாக்லனுக்கு அந்தப் பெயரை விட மனமில்லை. அது அவன் அப்பாவுடையது. குத்தகைக் குடிசையைக் காலிசெய்ய எஸ்டேட் காரியஸ்தன் வந்து கூரையைப் பிரித்து, அடுப்பு நெருப்பில் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போன பிறகு, யாரோ ஒருவருடைய மாட்டுத்தொழுவத்தில் கிடந்து குளிரில் செத்தவர் அவர்.

நான்காவதும் ஆண். அவர்கள் வாழ்ந்த யூயிஸ்ட் தீவில் பிள்ளை தங்காத வீட்டுக்கு ஒரு வழி உண்டு. ஞானஸ்நானத்துக்குப் போகும்போது சாலையில் முதலில் எதிர்ப்படும் ஆணின் பெயரை வைக்க வேண்டும், அவன் யாராக இருந்தாலும். சாவு பழைய பெயரைத்தான் தேடிவரும். வழியில் வாங்கிய பெயர் அதற்குத் தெரியாது. ஒய்ரிக் படுக்கையில் இருந்ததால் தங்கை ஷோனக் பிள்ளையைச் சுமந்துகொண்டு லாக்லனோடு போனாள். ஈவன் என்ற பெயரோடு திரும்பினார்கள். தபால்காரன் பெயர்.

புல்லறுப்புக் காலத்துக்கு முன்பே ஈவனும் போனான். புதைத்துவிட்டு வந்த பிறகுதான் ஷோனக் வாய் திறந்தாள்.

"முதல்ல வந்தது தபால்காரன் இல்லக்கா. மச்சான் வீட்டுக் கூரையப் பிரிச்ச அந்தக் காரியஸ்தன் பெஹான், குதிரையில. மச்சான் என்னை இழுத்துட்டுப் போயி மண்சுவருக்குப் பின்னாடி உக்கார வெச்சிட்டாரு. அவன் போனப்புறம்தான் எந்திரிச்சோம்."

ஐந்தாவதும் ஆணாகப் பிறந்தபோது லாக்லன் மீன்பிடிக்கப் போயிருந்தான். நடக்கத் தெம்பு வந்ததும் ஒய்ரிக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஷோனக்கோடு போய் அதே சுவருக்குப் பின்னால் உட்கார்ந்தாள். வண்டிக்காரன் போனான், ஆடு ஓட்டுகிறவன் போனான். அவள் எழவில்லை.

"இது ஏமாத்துக்கா," என்றாள் ஷோனக்.

"அன்னிக்கு நமக்கு மொதல்ல வந்த ஆளு காரியஸ்தன்தான். வாங்காம ஒளிஞ்சது நாம."

குதிரை வந்தது. அவள் எழுந்து பிள்ளைக்கு அவன் பெயரைக் கேட்டதும் காரியஸ்தன் குனிந்து பிள்ளையைப் பார்த்தான். "எம் பேரை இங்க நாய்க்குக்கூட வைக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்," என்றான்.

மாதாகோயிலில் பாதிரியார் அந்தப் பெயரைக் கேட்டுப் புருவத்தை உயர்த்தினார். மிகப் பழையது, இப்போது யாரும் வைப்பதில்லை, உயிர் என்ற சொல்லிலிருந்து வந்தது என்றார். ஒய்ரிக்குக்கு அது போதுமாக இருந்தது.

பெஹான் பிழைத்தான். பல் முளைத்தது, நடந்தான், துடுப்புப் போட்டான். மற்ற பையன்கள் அவன் பெயரைச் சொல்லிவிட்டுத் தரையில் துப்பினார்கள். லாக்லன் அவனுக்கு வலை கட்டக் கற்றுக்கொடுத்தான், ஒரே தட்டில் உருளைக்கிழங்கு பிட்டுக் கொடுத்தான். பெயரை மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. 'நீ' என்பான், 'அவன்' என்பான்.

நெஞ்சில் சளி கட்டி லாக்லன் படுத்தபோது பெஹானுக்கு மீசை அரும்பியிருந்தது. காய்ச்சலில் லாக்லன் வாசலைப் பார்த்துக் கூப்பிட்டான்.

"ரூரி. ரூரி, வந்துட்டியாடா?"

பெஹான் கட்டிலருகே மண்டியிட்டான். அப்பா தன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது அவனுக்கு அதுதான் முதல் தடவை. பதில் சொல்ல வாயெடுத்தான்.

ஒய்ரிக் அவன் சட்டையைப் பிடித்து எழுப்பினாள்.

"அந்தப் பேருக்கு நீ 'ம்'னு சொல்லக்கூடாது."

"சாகப்போறாரும்மா."

"அதனாலதான் சொல்றேன். சாவு இப்ப வீட்டுக்குள்ள இருக்கு."

அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தி, அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றாள். கட்டிலில் லாக்லன் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் அசையவில்லை.