கரி கிரில்லில் போட்ட பனியன் வேஸ்ட்

இதை எழுதும்போதும் என் கோபம் தணியவில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று மொட்டை மாடியில் கரி கிரில் வைத்து சாண்ட்விச் சுடக் கிளம்பினோம். ரொட்டியில் வெண்ணெய் தடவி, உருளைக்கிழங்கு மசாலாவும் சீஸும் வைத்துவிட்டேன். கரிதான் பிடிக்கவே இல்லை.

"இதுக்கு எதுக்குங்க அண்ணி இத்தனை நேரம்?" என்று கொழுந்தனார் தன் வண்டியிலிருந்து ஒரு பை பனியன் வேஸ்ட்டைக் கொண்டுவந்தார். அவர் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் வெட்டிக் கழித்த துண்டுத் துணி. திருப்பூரில் வண்டி துடைப்பதற்கும் அதுதான், அடுப்புப் பற்ற வைப்பதற்கும் அதுதான். ஒரு கை அள்ளிப் போட்டார். குப்பென்று ஆள் உயரத்துக்குத் தீ எழுந்தது. ரொட்டித் தட்டோடு பக்கத்தில் நின்ற என் மகளுக்கு முன்முடியும் புருவமும் பொசுங்கிவிட்டன.

துணியில் எண்ணெய்க்கறை எடுக்கும் கெமிக்கலைத் துடைத்த வேஸ்ட்டாம் அது. சாவகாசமாகச் சொல்கிறார், அந்தக் கம்பெனியின் செக்கிங் சூப்பர்வைசர்!

"முடிதானுங்க அண்ணி, வளந்துக்கும்" என்று, அதே நெருப்பில் சாண்ட்விச்சை வைக்கப் போனார்.

"ஏனுங்க தம்பி, கம்பெனியில அந்தக் கெமிக்கல் கேன் பக்கத்துல ஒருத்தன் பீடி பத்த வெச்சா சும்மா உடுவீங்களா? எம்புள்ளைக்குன்னா மட்டும் முடிதானுங்களா?" என்று கத்திவிட்டு, பூந்தொட்டி மண்ணை அள்ளிக் கிரில்லில் கொட்டினேன்.

இப்போதெல்லாம் தேங்காய் நார் வைத்துத்தான் கரி பற்ற வைக்கிறேன். கம்பெனியில் பனியனைச் செக் செய்வது அவர். மாடிப்படியில் அவர் பையைச் செக் செய்வது நான்.