மேஸ்திரி கேட்காமல் செய்த கதவு

லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் அந்தச் சாலையில் ஏழெட்டு இருந்தன. பின்கதவு மட்டும் வேண்டுமென்றால் எல்லோரும் கைகாட்டுவது கடைசிப் பட்டறையைத்தான். அங்கே இருப்பவருக்கு ஒத்திகை மேஸ்திரி என்று பெயர். கதவு கேட்டு வருகிறவரை முதலில் நடிக்கவைத்துவிட்டுத்தான் அவர் அளவுநாடாவைக் கையில் எடுப்பார்.

நடிப்பு என்றால் நிஜமாகவே நடிப்பு. வண்டிக்குப் பின்னால் நின்று, இல்லாத கதவைத் திறந்து, இல்லாத மூட்டையை ஏற்றி இறக்கிக் காட்ட வேண்டும். தொப்பையும் மோதிரமுமாக வரும் முதலாளிகள் நெளிவார்கள். தூக்குகிற ஆளை அனுப்பிவையுங்கள் என்று சொல்லிவிட்டு மேஸ்திரி டீ குடிக்கப் போய்விடுவார்.

அவர் பிடிவாதத்தில் விஷயம் இல்லாமல் இல்லை. மணல் லாரியின் கதவு மேல் விளிம்பில் தொங்க வேண்டும்; லாரியின் பெட்டி சாயும்போது கதவின் அடிப்பக்கம் விலகி மணல் தானாகக் கொட்டும். மாடு ஏற்றுகிறவருக்குக் கதவு தரைவரை சரிந்து பாதையாக வேண்டும், குளம்பு வழுக்காமல் குறுக்குச் சட்டங்களும் வேண்டும். கீழே மடங்கி மட்டமாக நிற்கும் கதவு நீளக் கம்பி ஏற்றுகிறவருக்குச் சொர்க்கம்; பெட்டி அடுக்குகிறவருக்கோ நந்தி மாதிரி குறுக்கே நிற்கும், எட்டி எட்டியே இடுப்பு போய்விடும். பக்கவாட்டில் திறக்கும் கதவுக்கு நெட்டையும் குட்டையும் ஒன்றுதான், ஆனால் சந்துக்குள் வண்டியை நிறுத்தினால் சுவரில் இடிக்கும். இதையெல்லாம் உட்கார்ந்து கேட்கும் பொறுமை வெல்டிங் வேலை பார்த்த மச்சினன் ஒருவனுக்குத்தான் இருந்தது. அவனுக்கும் வேறு வழியில்லை, அக்காவைக் கட்டிக்கொடுத்தாயிற்றே.

அந்த அக்கா பதினைந்து வருடம் ஒரு நாற்றுப்பண்ணையில் செடிகளோடு மல்லுக்கட்டியவள். போன மாதம் வேலையை விட்டுவிட்டுப் பழைய வேன் ஒன்றை வாங்கினாள். அலுவலகங்களில் தொட்டிச்செடிகளை வாடகைக்கு வைப்பது, வாரம் ஒருமுறை வாடியதை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பது, இதுதான் அவள் தொடங்கப்போகும் தொழில். திங்கட்கிழமை முதல் சுற்று. கூடமாட ஆள் வேண்டாம், ஓட்டுவதும் ஏற்றுவதும் இறக்குவதும் நானே என்று தீர்த்துச் சொல்லிவிட்டாள். இத்தனை வருடம் அடுத்தவர் கூப்பிட்ட குரலுக்கு ஓடியவளுக்கு, இனி யாருக்காகவும் காத்து நிற்கக் கூடாது என்று ஒரு வைராக்கியம்.

வேனின் பின்கதவு துருவேறி உதிர்ந்துகொண்டிருந்தது. புதுக் கதவை மேஸ்திரி தன் பரிசாக அறிவித்தார். மேல்நோக்கித் திறக்கும் ஒற்றைக் கதவு. கொண்டியை விட்டால் போதும், இரண்டு பக்கமும் உள்ள காற்றழுத்தத் தண்டுகள் தள்ளி அதை உயரத் தூக்கிவிடும். வெயிலானாலும் மழையானாலும் அவள் தலைக்கு மேல் கூரை நிற்கும். ஒரு வாரம் பார்த்துப் பார்த்துச் செய்தார். மச்சினன்தான் ஒரு வார்த்தை கேட்டான்.

"மாமா, அக்காவ நடிச்சுக்காட்டச் சொல்லலியா?"

"இருபத்திரண்டு வருஷமா பாத்துட்டிருக்கேன்டா. உங்கக்காவ எனக்குத் தெரியாதா?"

சனிக்கிழமை மத்தியானம் வேன் தயார். அவள் கொண்டியை விட்டாள், கதவு ஜம்மென்று மேலே போனது. மச்சினன் கைதட்டினான். தொட்டிகளை ஒவ்வொன்றாக ஏற்றினாள். பிறகு மூடுவதற்காக இடக்கையை உயர்த்தினாள். எட்டவில்லை. குதிகாலைத் தூக்கினாள், அப்போதும் எட்டவில்லை. மேஸ்திரி சிரித்துக்கொண்டே கைப்பிடியில் ஒரு கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டார். அவள் இடக்கையாலேயே பிடித்து இழுக்க, கதவு பாதிவரை வந்து, தண்டுகள் உதைத்து, வந்த வேகத்தில் மேலே போய்விட்டது. வலக்கையையும் சேர்த்து மேலே பிடித்து இழுக்கச் சொன்னார் மேஸ்திரி.

"அது வராதுங்க."

"வராதுன்னா?"

"தோளுக்கு மேல போகாது. மூணு வருஷமாச்சு."

"ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நீங்க கேக்கல. அப்புறம் எனக்கும் பழகிப்போச்சு."

மேஸ்திரிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. துணி காயப்போடும் கொடியை ஓரடி இறக்கிக் கட்ட அவள் சொன்னபோது ஆணி அடித்தவரே அவர்தான். மேல் அலமாரியிலிருந்த டப்பாக்கள் எல்லாம் கீழே இறங்கி வந்ததைத் தினமும் பார்த்தார். அவள் பின்னலை வெட்டிக்கொண்டு வந்த அன்று, வயசு குறைந்துவிட்டது என்று கேலி வேறு செய்தார். பின்ன முடியாமல்தான் வெட்டினாள் என்று இப்போது புரிந்தது. ஊரில் உள்ள சுமைகாரன் முதுகையெல்லாம் உற்றுப் பார்த்த மனிதருக்கு வீட்டில் கண் அவிந்துபோயிருந்தது.

திங்கட்கிழமைக்குத் தானே கூட வருவதாகச் சொல்லிப் பார்த்தார். அவள் முகம் சுண்டிப்போனது. ஆள் வைத்துத்தான் ஓட வேண்டுமென்றால் வேனை விற்றுவிடுவேன் என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது.

மறுநாள் காலையில் கதவைக் கழற்றிப் போட்டுவிட்டு அவளை வண்டிக்குப் பின்னால் நிறுத்தினார். முதலில் அவளுக்கும் சிரிப்பு வந்தது, பிறகு செய்துகாட்டினாள். தொட்டியை இடது இடுப்பில் அணைத்து, வலக்கையை அடியில் கொடுத்து, உடம்பைத் திருப்பித் தளத்தில் வைத்தாள். குனிந்து செய்கிற எதற்கும் அந்தத் தோள் மறுக்கவில்லை. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று மேஸ்திரி கேட்டுக்கொண்டே இருந்தார். பத்தாவது தடவையில், எனக்குக் கால் வலிக்கிறது, கதவைப் பாருங்கள் என்று அதட்டினாள்.

சாயங்காலத்துக்குள் இரட்டைக் கதவு தயாரானது. பக்கவாட்டில் திறப்பது. இடப்பக்கம் அகலமானது, வலப்பக்கம் குறுகியது. சந்தில் இடமில்லையென்றால் குறுகியதை மட்டும் திறந்துகொள்ளலாம். தாழ்ப்பாள் இடுப்புயரத்தில், இடக்கைக்கு வாகாக. தலைக்கு மேல் கூரை கிடையாது. நனைந்தால் செடிக்கு நல்லதுதானே என்றாள்.

திங்கட்கிழமை காலையில் அவள் தனியாகத்தான் போனாள். மேஸ்திரி அன்று ஒரு வேலையும் உருப்படியாகச் செய்யவில்லை. மத்தியானம் வேன் திரும்பிவந்து நின்றதும் ஓடினார். அவள் நான்காவது மாடியில் லிப்ட் நின்றுபோனதைச் சொன்னாள், ஒரு அலுவலகத்தில் கூடுதலாக ஐந்து தொட்டி கேட்டதைச் சொன்னாள். அவருக்குப் பொறுக்கவில்லை.

"கதவு எப்படி இருந்துச்சு?"

"கதவா?" அவள் ஒரு நொடி யோசித்தாள். "அத நான் கவனிக்கவே இல்லயே."

மேஸ்திரி இதற்குமுன் இப்படி ஒரு பாராட்டு வாங்கியதில்லை. ஆனால் அதை அனுபவிக்க அவர் நிற்கவில்லை. நாளைக்குப் பட்டறை லீவு என்றும், டாக்டரிடம் போய்த் தோளைக் காட்டப்போகிறோம் என்றும் சொன்னார்.

"இதோடதான் மூணு வருஷம் ஓட்டிட்டேனே. இப்ப என்ன அவசரம்?"

"உனக்கு அவசரமில்ல. எனக்கு மூணு வருஷம் லேட்டாயிடுச்சு."