தேங்காய் அளவுப் பிள்ளை

நாற்பத்தொரு வயதில் என் மனைவி மறுபடியும் கர்ப்பமானபோது, முறைப்படி பயப்பட வேண்டியவள் அவள்தான். ஆனால் அவளுக்கு அதற்கு நேரமில்லை. முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. நாள் முழுக்க யாரையாவது எழுப்பி இருத்தி, மருந்து கொடுத்து, ஒரே கதையை நாலு தரம் கேட்டுவிட்டு வருகிறவள். ஆகவே குடும்பத்தின் பயம் முழுவதையும் நானே பொறுப்பேற்றேன். டென்மார்க்கில் பிரெடெரிசியா நகரத்தில் ஒரு தொழிற்சாலையில் பொதி கட்டும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சத்தம் கொஞ்சம் மாறினாலே சிவப்புப் பொத்தானை அமத்திப் பழகிய கை. மனைவியிடம் அப்படி ஒரு பொத்தான் இல்லை என்பதுதான் சிக்கல்.

பயத்துக்கு ஒரு காரணமும் இருந்தது. நாலு வருடத்துக்கு முன் ஒன்று வந்து, மூன்றாம் மாதம் முடியமுதல் இல்லாமற் போயிற்று. அதைப் பற்றி நாங்கள் இருவரும் அதிகம் கதைத்ததில்லை. மூத்தவளுக்கு இப்போது பதினெட்டு வயது. அவள் வயிற்றில் இருந்த காலத்தில் கைபேசி என்பது கதைக்கிற சாமான் மட்டும்தான். இந்த முறை அது எல்லாம் தெரிந்த வைத்தியராகி என் சட்டைப் பையில் இருந்தது.

முதல் மாதங்களிலேயே ஒரு கர்ப்பகாலச் செயலியை இறக்கினேன். சில வகைச் சீஸ் கூடாது என்று அதில் இருந்தது. எந்த வகை என்று மிச்சத்தை வாசிக்கமுதல் குளிர்சாதனப் பெட்டியில் இருந்த சீஸ் எல்லாம் குப்பைக்குப் போயிற்று. பூனையின் கழிவில் கவனம் என்று இருந்தது. பக்கத்து வீட்டுப் பூனையைக் கண்டால் மனைவியைக் கையில் பிடித்து வீதியின் மறுபக்கம் இழுத்துக்கொண்டு போனேன். பூனை எங்களைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

மனைவி என் போனை வாங்கி, செயலியை அழித்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

“இனி ஒரு ஆப் இதுக்குள்ள கண்டனெண்டால், போன் வாஷிங் மெஷினுக்குள்ளதான் போகும். சொல்லிப்போட்டன்.”

“சரி, சரி. இனி இல்லை” என்றேன்.

சில மாதங்கள் நல்ல பிள்ளையாக இருந்தேன். பிறகு ஒரு நாள் தொழிற்சாலையில், தேநீர் குடிக்கும்போது, மட்டக்களப்பு அண்ணை ஒருவர் கேட்டார்.

“தம்பி, வீட்டில எத்தினையாம் மாசம்?”

“ஏழு நடக்குது, அண்ணை.”

“ஏழோ! இனிக் கவனமாப் பார்க்கோணும்.”

அவர் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தார். நான் கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டி, செயலியை மறுபடி இறக்கினேன். பேருந்து நேரம், காலநிலைச் செயலிகள் எல்லாம் இருக்கிற கோப்புறைக்குள் ஒளித்தும் வைத்தேன்.

தொடங்கும்போதே அது கேள்வி கேட்டது. குழந்தை பிறக்கும் திகதி தெரியுமா? திகதி எழுதிய கடதாசி மனைவியின் கைப்பையில். எனக்குத் தெரிந்தது தைப்பொங்கல் வாக்கில் என்பது மட்டும்தான். அவளைக் கேட்டால் பிடிபடுவேன். கைப்பையைத் திறந்தால் அதைவிட மோசமாகப் பிடிபடுவேன். திகதி தெரியாவிட்டால் எத்தனை மாதம் என்று சொல்லுங்கள் என்றது செயலி. அதுதான் தெரியுமே! ஏழு என்று அமத்தினேன். முப்பதாம் வாரம், வாழ்த்துகள் என்றது. பிள்ளை ஒரு கோவா, அதாவது முட்டைக்கோஸ், அளவாம். சில நாளில் வாரம் மாறியது. இப்போது ஒரு தேங்காய்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலை வேலை முடித்து வந்த மனைவி சோபாவில் மல்லாந்து உறங்கிக்கொண்டிருந்தாள். வயிற்றைப் பார்த்தேன். அதற்குள் ஒரு தேங்காய் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. குசினிக்குப் போய், சாமிக்கு உடைக்க வாங்கி வைத்த தேங்காயை எடுத்து வந்தேன். வயிற்றுக்குப் பக்கத்தில் பிடித்தேன். ஒரு கண்ணை மூடி, தச்சுவேலைக்காரனைப் போல அளவு பார்த்தேன். எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் தேங்காய்தான் பெரிதாகத் தெரிந்தது.

“ஃபார், வா லேவர் டு?”

அப்பா, என்ன செய்கிறீர்கள் என்று வாசலில் நின்று மகள் டெனிஷில் கேட்டாள்.

“சத்தம் போடாதை. அம்மா படுத்திருக்கிறா.”

“அது தெரியுது. தேங்காய் ஏன் நிக்குது?”

அவள் ஒரு படம் எடுத்தாள். அதை வெளியே விடாமல் இருக்க, வார இறுதியில் கார் ஓட்டத் திறப்பைக் கொடுப்பதாக ஒப்பந்தமாயிற்று.

அன்று தொடங்கி மனைவிக்குத் தீனி போடத் தொடங்கினேன். காலையில் அவித்த முட்டை, வேலையால் வந்ததும் உழுத்தங்களி, அதற்கு மேல் பால். இரண்டு நாள் பொறுத்தாள்.

“என்னப்பா, கிடாயே வளக்கிறீங்கள்?”

சிரித்துச் சமாளித்தேன். ஆனால் வேலையில் இயந்திரம் ஓடுகிறபோதெல்லாம் என் தலைக்குள் ஒன்றுதான் ஓடியது. பிள்ளை வளரவில்லை. இதுவும் போய்விடப்போகிறது. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த வாரமே யோர்டமோரிடம், அதாவது மருத்துவிச்சியிடம், போகிற நாள் வந்தது. மனைவி கட்டிலில் படுத்தாள். மருத்துவிச்சி தையற்காரர் வைத்திருப்பது மாதிரி ஒரு நாடாவை எடுத்து வயிற்றின் மேல் பிடித்தார். அவர் பேசிய டெனிஷை என் தமிழில் தருகிறேன்.

“இருபத்தேழு சென்டிமீற்றர். வாரக் கணக்குக்குச் சரியாக இருக்கிறது. ஃபீன்ட்.”

ஃபீன்ட் என்றால் நல்லது. இந்த நாட்டில் வீட்டுக் கூரை பறந்தாலும் ஃபீன்ட் என்பார்கள். நான் அதை நம்பவில்லை. எத்தனை வாரமோ ஏறக்குறைய அத்தனை சென்டிமீற்றர் என்று செயலியில் வாசித்திருந்தேன்; அதன் கணக்கில் அன்று முப்பத்தொராம் வாரம்.

“முப்பத்தொண்டெல்லே இருக்கவேணும்!” என்று தமிழில் கத்திவிட்டேன்.

மனைவி தலையைத் தூக்கினாள். “என்ன முப்பத்தொண்டு?”

“தேங்காய்” என்றேன்.

பிறகு எல்லாம் கொட்டிற்று. டெனிஷ் பாதி, தமிழ் பாதி. நாலு சென்டிமீற்றர் குறைவு, பிள்ளை வளரவில்லை, எனக்கு ஐந்து நாளாகத் தெரியும், சொல்லப் பயந்து களி கிண்டினேன். சொல்லிக்கொண்டே மனைவியைப் பார்த்தேன். அவள் முகத்தில் இரத்தமே இல்லை. அத்தனை மாதமும் நான் காணாத பயம் அதில் இருந்தது. அதைக் கொண்டுவந்து வைத்தவன் நான்.

மருத்துவிச்சி கையை நீட்டி என் போனை வாங்கினார்.

“எத்தனையாவது வாரம் என்று இதற்கு யார் சொன்னது?”

“நான்தான். ஏழு மாதம் என்று போட்டேன்.”

“உங்கள் மனைவிக்கு இன்று இருபத்தேழு வாரம். ஆறு மாதம் முடிந்து சில நாள்தான் ஆகிறது.”

“ஓம், அதுதானே ஏழு நடக்குது!”

மனைவிக்குத்தான் முதலில் விளங்கியது.

“ஐயோ கடவுளே! நடக்கிற மாசத்தையும் சேத்தே போட்டனீங்கள்?”

நாங்கள் நடக்கிற மாதத்தையும் எண்ணுவோம். செயலி முடிந்த மாதத்தை மட்டும் எண்ணும். ஆறு முடித்த பிள்ளையை ஏழு முடித்த பிள்ளையாக்கி, அது ஏன் வளரவில்லை என்று ஐந்து நாள் அழுதிருக்கிறேன். மனைவி சிரித்த சிரிப்பில் வயிற்றின் மேலிருந்த நாடா வழுக்கி விழுந்தது. அதை நான் டெனிஷில் சொல்லி முடித்ததும் மருத்துவிச்சியும் சிரித்தார்.

“உங்கள் செயலி பிள்ளையை நத்தாருக்கு முன்பே பெற்றுவிடப் பார்க்கிறதே, அதைக்கூடக் கவனிக்கவில்லையா?”

கவனிக்கவில்லை. டிசம்பர் என்று திகதி மேலேதான் இருந்தது. என் கண் முழுக்கத் தேங்காயில்.

அவர் ஒரு சிறு கருவியை வயிற்றில் வைத்தார். குதிரை ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் அறையை நிறைத்தது. பிறகு சரியான திகதியை என்னைக் கொண்டே போடவைத்தார். தேங்காய் மறைந்து பூக்கோவா வந்தது. வாசிப்பது நல்லது, ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து வாசியுங்கள் என்றார். பிள்ளையின் அசைவு வழமையைவிடக் குறைந்தால் செயலியைக் கேட்டுக்கொண்டிராமல் உடனே எங்களுக்கு அழையுங்கள், அது தாய்க்குத்தான் தெரியும், தேங்காய்க்குத் தெரியாது என்றும் சொன்னார்.

காரில் ஏறி இருந்தும் நான் திறப்பைத் திருப்பவில்லை.

“அஞ்சு நாளும் தனிய வைச்சுக்கொண்டோ திரிஞ்சனீங்கள்?” என்றாள் மனைவி.

“ஓம். உமக்குப் பயம் வரக்கூடாதெண்டு.”

“எனக்குப் பயமில்லையெண்டு ஆர் சொன்னது? ஒவ்வொரு தரம் டொய்லெட்டுக்குப் போகேக்கையும் இரத்தம் பட்டிருக்கோ எண்டு பயந்துகொண்டுதான் பாக்கிறனான்.” பெல்ட்டை வயிற்றுக்குக் கீழால் இழுத்துப் பூட்டினாள். “சரி, காரை எடுங்கோ. களி மட்டும் இனி வேண்டாம்.”

போன் வாஷிங் மெஷினுக்குப் போகவில்லை. இரவுச் சாப்பாடு முடிந்ததும் மேசையில் வைத்து மூவருமாக வாசித்தோம். நான் பதறுகிற இடத்தில் மனைவி வேலை அனுபவத்தில் விளக்கம் சொல்வாள். அவளுக்கும் எனக்கும் பிடிபடாத டெனிஷ் சொற்களை மகள் பெருமூச்சு விட்டுக்கொண்டு விளக்குவாள். எந்தச் சீஸைச் சாப்பிடலாம் என்பதை அப்போதுதான் கடைசிவரை வாசித்தேன். நான் எறிந்ததில் முக்கால்வாசி சாப்பிடக்கூடியதாம்.

நாலு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை, சோபாவிலிருந்து மனைவி கூப்பிட்டாள்.

“இஞ்சாருங்கோ, ஆப்பில தேங்காய் வந்திட்டுது, பாத்தனீங்களே? எங்க அந்தப் படத்தில இருக்கிற உங்கட தேங்காய்? கொண்டு வாங்கோ.”

மகள் ஒப்பந்தத்தை மீறியிருக்கிறாள் என்று அப்போது விளங்கியது. புதுத் தேங்காய் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மனைவி அதை வயிற்றின் மேல் வைத்து, கையை எடுத்தாள். மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். தேங்காய் ஒருமுறை துள்ளியது.

நான் பயப்படவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் அது உருண்டு பிள்ளையின் தலையில் விழுந்துவிடும் என்று பாய்ந்து போய் இரண்டு கையாலும் பிடித்தேன்.

“பிள்ளை உள்ளுக்கெல்லே இருக்குது!” என்றாள் மனைவி.