பல் டாக்டரின் ஒரிஜினல் கார்புரேட்டர்கள்

“இன்னும் கொஞ்சம் திறங்க… ஆங், அப்படித்தான். இப்பப் பாருங்க, பெட்ரோல் மட்டும் போனா எஞ்சின் ஓடாது. காத்தும் சேரணும். எவ்வளவு பெட்ரோலுக்கு எவ்வளவு காத்துன்னு கலந்து குடுக்குறதுதான் கார்புரேட்டர். மத்தவன் வண்டியில அது ஒண்ணு. என் வண்டியில ரெண்டு. ரெண்டும் ஒரிஜினல்!”

‘ஒரிஜினல்’ என்ற சொல் வரும்போது பல் டாக்டருக்குக் கை தானாக ஓர் அழுத்து அழுத்திவிடும். நாற்காலியில் மல்லாந்து கிடக்கும் நான் “ஆ” என்கிறேன். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு அவர் மேலே பேசுகிறார். வாயைத் திறந்து வைத்திருப்பவனால் எதிர்த்துப் பேச முடியாது என்பதற்காகவே இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தாரோ என்று எனக்கு வெகுநாளாக ஒரு சந்தேகம்.

ஐம்பதைத் தாண்டியவர். வெள்ளைக் கோட்டுக்குள் தொப்பை அடங்கிவிடும், மீசை எதற்கும் அடங்காது. பக்கத்தில் வந்தால் முதலில் கிராம்புத் தைலம் மணக்கும், அடுத்து பெட்ரோல். கருவிகளைச் சுத்தம் செய்யும் தொட்டியில் ஒருநாள் இடுக்கிகளுக்கு நடுவே இரண்டு பித்தளைத் திருகுகள் குளித்துக்கொண்டிருந்தன. நான் உற்றுப் பார்ப்பதைக் கவனித்துவிட்டார். “அது ஜெட்டு. பெட்ரோல் வர்ற ஓட்டை. பயப்படாதீங்க, எல்லாம் கிருமி போனதுதான்” என்றார். யாருடைய கிருமி என்று நான் கேட்பதற்குள் வாயில் பஞ்சை அடைத்தார்.

காலையிலிருந்து மாலை வரை பிறவிப் பற்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, செய்த பற்களைப் பொருத்துவது அவர் பிழைப்பு. அதில் கெட்டிக்காரர், பொய் சொல்லக் கூடாது. பக்கத்துப் பல்லின் மஞ்சளையும் கறையையும் பார்த்துப் பார்த்துப் புதுப் பல்லுக்கு நிறம் ஏற்றுவார். “கட்டின பொண்டாட்டியே கண்டுபிடிக்க முடியாது” என்று நோயாளியின் தோளில் தட்டி அனுப்புவார். அனுப்பிவிட்டு நேரே பக்கவாட்டுச் சந்துக்குப் போய், புதுப் பொருள் என்ற ஒன்று உலகத்தில் வந்ததையே ஒப்புக்கொள்ளாத இன்னொரு மனிதராகிவிடுவார்.

அந்தச் சந்தில்தான் வண்டி நிற்கிறது. இங்கிலாந்தில் பிறந்த இரட்டைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிள். டாக்டருக்கு அக்கா வயது. வயிற்றுக்குக் கீழே எந்நேரமும் ஓர் எவர்சில்வர் கிண்ணம் இருக்கும், வாய் கொப்பளித்துத் துப்புவதற்கு எங்களிடம் நீட்டுவாரே, அதே கிண்ணம். அதில் பெட்ரோல் சொட்டிக்கொண்டிருக்கும். “ஒழுகுதே டாக்டர்?” என்றால், “ஒழுகினாத்தான் நிம்மதி. உள்ள பெட்ரோல் இருக்குன்னு தெரியுதில்ல?” என்பார்.

உண்மை என்னவென்றால், அந்த இரண்டு கார்புரேட்டர்களும் என்றோ செத்துவிட்டன. உள்ளே ஏறி இறங்க வேண்டிய உருளைகள் தேய்ந்து லொடலொடத்தன. எஞ்சினோடு பொருந்தும் விளிம்பு கோணிப்போய், வரக்கூடாத வழியில் காற்று வந்தது. ஒன்று ஒத்துக்கொண்டால் மற்றது முறைத்துக்கொள்ளும், பேச்சுவார்த்தை நின்றுபோன ஓரகத்திகள் மாதிரி. கிளப்புவதென்றால், கார்புரேட்டரின் பக்கவாட்டிலுள்ள பொத்தானை அமுக்கி விரலில் பெட்ரோல் வழியும்வரை காத்திருந்து, பிறகு உதைக்க வேண்டும். உதைத்து உதைத்து அவருக்கு வலது கால் செருப்பு மட்டும் மாதா மாதம் தேயும். ஆனால் அதே அச்சில், அதே அளவில் புதுக் கார்புரேட்டர் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் போச்சு. “டூப்ளிகேட்டை மாட்டிக்கிட்டு ஓட்டுறதுக்கு நான் பேசாம நடந்தே போவேன்” என்பார். பெரும்பாலான நாள்கள் நடந்துதான் போனார்.

இவரை இப்படி ஊக்கப்படுத்தியவர்கள் சிலர் இருந்தார்கள். பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் நடத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்ரோல் பங்க்கின் ஓரத்தில் கூடி, ஒருவர் வண்டியை மற்றவர் குனிந்து பார்ப்பார்கள். அதைத் தவிர வேறு வேலை இல்லை. டாக்டர் தலைவர். அவரோடு சேர்ந்து சங்கத்தைத் தொடங்கியவர் ஒரு பேக்கரிக்காரர். இருவரும் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்கள், ஒருவரை ஒருவர் ‘மச்சான்’ என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். பேக்கரிக்காரர் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு டப்பா நிறைய கிரீம் பன் கொண்டு வருவார். சங்கம் செழித்ததற்கு மோட்டார் சைக்கிளைவிட பன்தான் காரணம் என்பது என் துணிபு.

போன வருடம் பேக்கரிக்காரர் தன் வண்டியில் புதுக் கார்புரேட்டர்களை மாட்டிக்கொண்டு வந்தார். ஒளிக்கவில்லை, மறைக்கவில்லை. “விடிகாலையில மாவு பிசைய ஓடணும் மச்சான். இதை உதைச்சிட்டு நின்னா அடுப்பு ஆறிடுது” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை. குனிந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். “பளபளன்னு இருக்கு, பார்க்கவே அசிங்கமா இருக்கு” என்றார். அடுத்த வாரமே, வண்டியில் எல்லாம் ஒரிஜினலாக இருக்க வேண்டும் என்ற சங்க விதியைக் காட்டி உறுப்பினர் பதவியைப் பிடுங்கிவிட்டார், மயக்க ஊசிகூடப் போடாமல். பேக்கரிக்காரர் பன் டப்பாவை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். கூட்டத்தார் அதையும் தின்றார்கள். அன்றிலிருந்து ‘மச்சான்’ போய் ‘டாக்டர்’ வந்தது. அதுவும் தெருவில் எதிர்ப்பட்டால் மட்டும்.

டாக்டரின் மனைவி வெளியறை மேசையில் உட்கார்ந்து நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுப்பவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் தையல் போட வேண்டியிருக்கும். தம்பி வீட்டு விசேஷத்துக்கு நேரமாகிவிட்டதென்று ஒருநாள் அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு டாக்டர் கிளம்பினார். அன்று நானும் அவர்களுக்குப் பின்னால் என் ஸ்கூட்டரில் சிக்னலில் நின்றிருந்தேன்.

பச்சை விழுந்தது. வண்டி அணைந்தது. பின்னாலிருந்த பஸ் ஹாரன் அடித்தது. டாக்டர் இறங்கி, தோல் ஜாக்கெட்டைக் கழற்றி மனைவி கையில் கொடுத்தார். இங்கிலாந்திலிருந்து வரவழைத்த பழைய ஜாக்கெட் அது. பொத்தானை அமுக்கினார், உதைத்தார். மறுபடி அமுக்கினார், மறுபடி உதைத்தார். எஞ்சின் மேலெல்லாம் பெட்ரோல் வழிந்தது. பிறகு பட்டென்று ஒரு சத்தம். இடது கார்புரேட்டர் வாயிலிருந்து நீலமாக ஒரு தீ நாக்கை நீட்டியது. டாக்டர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, யாரோ துப்பாக்கியை நீட்டியது போல நின்றார். அந்த அம்மாள்தான் ஜாக்கெட்டைத் தீயின் மேல் போட்டு அமுக்கினார்.

“ஐயோ, அந்த ஜாக்கெட் ஒரிஜினல்!” என்று டாக்டர் அலறினார்.

தீ அணைந்தது. இடது கார்புரேட்டரின் ஓரம் மெழுகு மாதிரி உருகித் தொங்கியது. மனைவி கருகின ஜாக்கெட்டை மடித்துக் கணவர் கையில் வைத்தார்.

“ஏங்க, உங்க முன்பல்லு ரெண்டும் ஒரிஜினலா?”

டாக்டர் வாயை மூடிக்கொண்டார்.

“இதே வண்டி திருப்பி உதைச்சு, மூஞ்சி டேங்க்ல மோதி உடைஞ்சதுதானே? அப்ப ஒரிஜினல்தான் வேணும்னு பொக்கை வாயோடவா இருந்தீங்க? பல்லு போனா புதுசு கட்டிக்குவீங்க, நான் போனா என்ன பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியாதா?” என்றவர், ஹாரன் அடித்த அந்தப் பஸ்ஸிலேயே ஏறி விசேஷத்துக்குப் போய்விட்டார். நானும் டாக்டரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தோம். வழி நெடுக அவர் உதடுகளைத் திறக்கவே இல்லை.

அடுத்த முறை நான் பல் அடைக்கப் போயிருந்தபோது, பாதிக் குடைச்சலில் மனைவி ஓர் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து கருவி மேசைமேல் வைத்தார். டாக்டர் பிரித்தார். இரண்டு புதுக் கார்புரேட்டர்கள், மீன் குஞ்சு மாதிரி மின்னின.

“இதை யாரு வரவழைச்சா?”

“நான்தான்.”

“சைஸு கரெக்டா இருக்கே. உனக்கு எப்படித் தெரியும்?”

“அண்ணனைக் கேட்டேன்.”

“எந்த அண்ணன்?”

“உங்களுக்குன்னு ஒரே ஒரு சிநேகிதர் இருந்தாரே, அந்த அண்ணன். கேட்ட உடனே சொன்னாரு. ‘டாக்டர்கிட்ட என் பேரைச் சொல்லாதம்மா, மாட்டமாட்டாரு’ன்னாரு. அதான் சொல்றேன்” என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் வெளியே போனார்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். “இது வெளியில போகக் கூடாது.” என் வாய் திறந்திருந்தது, ஈறு மரத்திருந்தது. “ஆ” என்றேன். அதைச் சத்தியம் என்று அவர் எடுத்துக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பல்ல.

அன்று மத்தியானம் நோயாளிகளை வெளியே உட்காரவைத்துவிட்டு வேலையைத் தொடங்கினார். கன்னம் வீங்கியவர்கள் வாசலில் காத்திருக்க, நான் மட்டும் தாடையைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். பழசைக் கழற்ற அரை மணிகூட ஆகவில்லை. புதுசை மாட்டுவதும் அப்படித்தான். மற்ற நேரமெல்லாம் எதற்குப் போயிற்று தெரியுமா? அந்தப் பளபளப்பைக் கொல்வதற்கு. பற்களுக்கு நிறம் பார்க்கும் மாதிரிப் பட்டையைப் பழைய கார்புரேட்டருக்குப் பக்கத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். மெருகைச் சுரண்டினார். ஏதோ ஒரு திரவத்தைப் பஞ்சில் தொட்டு ஒற்றினார். மூலைகளில் மெல்லிய தூரிகையால் அழுக்கு வைத்தார். ஒரு நோயாளிக்கும் அவர் இவ்வளவு பொறுமையாகச் செய்து நான் பார்த்ததில்லை. முடிவில் அவை பாட்டன் காலத்துப் பொருள்போல மங்கி, நரைத்து, மரியாதையாகத் தெரிந்தன.

பிறகு சாவியைப் போட்டு உதைத்தார். ஒரே உதை. வண்டி பிடித்துக்கொண்டு, நிதானமாக, அலுங்காமல் ஓடியது. கிண்ணத்தில் ஒரு சொட்டு விழவில்லை. டாக்டரின் முகம் மலர்ந்தது. நான் பார்த்தேன், சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது. அவசரமாக எஞ்சினை அணைத்துவிட்டுச் சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

“இப்படி ஒரே உதையில எடுத்தா, ஞாயித்துக்கிழமை நான் என்னன்னு சொல்றது?”

ஞாயிற்றுக்கிழமை என் ஸ்கூட்டருக்குக் காற்றடிக்கும் சாக்கில் நானும் போனேன். டாக்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்திருந்தார். அன்று பேக்கரிக்காரரும் வந்திருந்தார், கையில் டப்பாவோடு. உறுப்பினர்களே அழைத்திருந்தார்கள். ஒரு வருடமாகப் பன் இல்லாமல் அவர்களுக்குக் கொள்கை கசந்துவிட்டது. “தலைவரே, பழசை மறந்துட்டு இவரைத் திரும்பச் சேர்த்துக்கலாமே” என்று ஒருவர் இழுத்தார். மற்றவர்கள் டப்பாவைப் பார்த்தபடி தலையாட்டினார்கள்.

பேக்கரிக்காரர் டாக்டரின் வண்டியைக் குனிந்து பார்த்தார். அந்தக் கார்புரேட்டர்களை நன்றாகவே பார்த்தார். நிமிர்ந்தவர் முகத்தில் ஒன்றும் இல்லை. “உங்க இஷ்டம் டாக்டர்” என்று மட்டும் சொன்னார்.

டாக்டர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ‘வா மச்சான்’ என்ற ஒன்று. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். எனக்குக்கூட ஒரு நிமிடம் நம்பிக்கை வந்தது.

“ஆளு முக்கியமில்ல, விதிதான் முக்கியம். எனக்கும் வருத்தம்தான். ஆனா ஒரிஜினல்னா ஒரிஜினல்தான்” என்றார்.

பேக்கரிக்காரர் தலையசைத்தார். இந்த முறை டப்பாவை விட்டுவிட்டுப் போகவில்லை, கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். ஆனால் கிளம்பவும் இல்லை.

பன் போன கடுப்பில் இருந்த ஓர் உறுப்பினர், “சரி தலைவரே, அந்த ஒரிஜினலை ஸ்டார்ட் பண்ணுங்க, கேட்டுட்டாவது போறோம்” என்றார். எல்லாரும் வட்டமாக நெருங்கினார்கள்.

டாக்டர் வண்டியில் ஏறினார். பொத்தானை அமுக்கினார். உதைத்தார். வண்டி மூச்சுவிடவில்லை. மறுபடி உதைத்தார். மீசையில் வேர்வை கோத்தது. “ஒரிஜினல்ல இதுதாங்க, கொஞ்சம் கெஞ்சணும்” என்று மூச்சிரைக்கச் சொன்னார். கூட்டம் பரவசத்தோடு பார்த்தது. “விடாதீங்க டாக்டர்” என்றார் பேக்கரிக்காரர், மிகவும் மரியாதையாக.

சாவி போடும் துவாரம் இருக்கைக்குக் கீழே, டாக்டரின் தொடை மறைக்கும் பக்கத்தில் இருக்கிறது. நான் அந்தப் பக்கம்தான் நின்றேன். துவாரம் காலியாக இருந்தது. டாக்டர் மூச்சைப் பிடித்து உதைத்துக்கொண்டே இருந்தார். உதைக்கும்போதெல்லாம் உள்ளே சாவி குலுங்கிவிடாதபடி, ஒரு கையால் சட்டைப் பையை நெஞ்சோடு அழுத்திப் பொத்திக்கொண்டார்.