சாக்பீஸ் கோடு

என் மனைவிக்குத் தையல் கம்பெனியில் வைத்த பெயர் உரிமை டீச்சர். வாரம் ஒரு நாள், மதியச் சாப்பாடு முடிந்ததும், கேன்டீன் மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு முப்பது பெண்களுக்கு மனித உரிமை வகுப்பு எடுப்பாள். பிறப்பை வைத்து ஒருவரை ஒதுக்குவது குற்றம் என்று பதினோரு வருஷமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிவந்தாள். "வீட்டுல எனக்கு ஒரு உரிமையும் காணோமே" என்று சீண்டுவேன். "ஏன், பாத்திரம் கழுவுற உரிமை இருக்கே" என்பாள்.

வகுப்பில் ஒரு விளையாட்டு உண்டு. தரையில் சாக்பீஸால் கோடு போட்டு எல்லாரையும் அதில் நிறுத்துவாள். கேள்விகளை ஒவ்வொன்றாகப் படிப்பாள். "நாம யாருங்கறதை மறைக்காமலே வாடகைக்கு வீடு கிடைச்சவங்க ஒரு அடி முன்னால வாங்க." இப்படி எட்டுக் கேள்வி. அந்தத் தாளை அவளுக்கு டைப் அடித்துக் கொடுத்தவன் நான்தான். ஆரம்பிக்கும்முன், "இந்த ரூமுக்குள்ள யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை" என்பாள்.

பட்டன் தைக்கும் பெண் ஒருத்தி எப்போதும் முன்வரிசை. புருஷன் இல்லை, ஒரே மகள். டீச்சர் சொன்னால் அவளுக்கு வேதவாக்கு. அவள் முதல் தடவையாக அந்த விளையாட்டில் நின்ற அன்று, எட்டுக் கேள்வியும் முடிந்தபோது மற்றவர்கள் பாதி கேன்டீனைத் தாண்டியிருந்தார்கள். அவள் மட்டும் கோட்டிலேயே நின்றாள். மூன்று வருஷமாக மறைத்துவைத்தது பத்தே நிமிஷத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

மறுநாள் அவள் சாப்பிட்ட மேசையில் வேறு யாரும் உட்காரவில்லை. நாலாம் நாள் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னார். என் மனைவி அடித்துப் பிடித்து ஓடி அவரிடம் சட்டம் பேசினாள். "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, என் தம்பி குடிவர்றான்" என்று அவர் சிரித்தாராம்.

மூட்டை கட்டிக்கொண்டே அந்தப் பெண் சொன்னாளாம்: "நீங்க சொல்லித்தந்தது எல்லாம் சரிதான் டீச்சர். ஆனா அவங்க இன்னும் பாடம் படிச்சு முடிக்கலையே. அதுக்குள்ள எனக்குப் பரீட்சை வெச்சிட்டீங்களே."

என் மனைவி வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அழுதாள். "தப்புப் பண்ணிட்டேங்க. நம்ம மாடி ரூம் சும்மாத்தானே கிடக்கு? அவளும் பொண்ணும் வந்து இருக்கட்டுமே."

சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: "அக்கம்பக்கத்துல கேட்டுக்கலாம். நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க."

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். சண்டை போட்டிருந்தால் தேவலை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

காலையில் வெட்கம் பிடுங்கித் தின்ன, மாடிச் சாவியை எடுத்துக்கொண்டு நானே போனேன். அந்தப் பெண்ணின் வீட்டில் பூட்டுத் தொங்கியது. முதல் பஸ்ஸில் போய்விட்டார்கள் என்றார் பக்கத்து வீட்டு அம்மா. எங்கே என்று தெரியாதாம். கம்பெனியில் வேலையை விட்டதாகக்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. என் மனைவி அடுத்தடுத்த ஊர்களின் தையல் கம்பெனிகளிலெல்லாம் விசாரித்துப் பார்த்துவிட்டாள்.

இப்போதும் வகுப்பு நடக்கிறது. கோடு போடுவதில்லை. முதல் நாள் ஒரு கதை சொல்கிறாள். ஒரு பெண்ணின் ரகசியத்தை அவசரப்பட்டு உடைத்த டீச்சரின் கதை. அந்த டீச்சர் நான்தான் என்று சொல்லிவிடுவாள். மாடி அறை காலியாக இருந்தும் அக்கம்பக்கத்தைக் கேட்கவேண்டும் என்ற ஆள் யார் என்று மட்டும் சொல்வதில்லை. அவளை வண்டியில் கொண்டுவிட்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.